100-க்கு 4 பங்குகூட மிச்சமில்லை: அமெரிக்காவின் உயர்புல்வெளி எங்கே போச்சு, எங்கே போய்ப் பார்க்கலாம்?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முழுக்கக் குன்று குன்றாக நெருப்பு ஓடும். ராத்திரியில் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அடிவானத்தில் ஆரஞ்சு நிறக் கோடு ஒன்று நெளிவது தெரியும். தீயணைப்பு வண்டிகள் அலறிக்கொண்டு வராது. காரணம், தீ வைத்ததே நிலத்தின் சொந்தக்காரர்கள்தான். மறுநாள் காலையில் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் கரி. இரண்டு வாரம் கழித்து அதே இடத்துக்குப் போனால், பாய் விரித்தாற்போல இளம்பச்சை.

இதை வெறும் விவசாயப் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. உலகத்தில் மிக வேகமாக அழிந்துபோன நிலப்பரப்புகளில் ஒன்று, இந்த நெருப்பை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. அதன் பெயர் 'டால்கிராஸ் பிரெய்ரி'. தமிழில் உயர்புல்வெளி என்று வைத்துக்கொள்வோம்.

'பிரெய்ரி'ன்னா என்ன, வெறும் புல்தானே?

புல்தான். ஆனால் வெறும் புல் இல்லை. வடக்கே கனடாவின் மானிட்டோபாவிலிருந்து தெற்கே டெக்சாஸ் வரை, வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் சுமார் 17 கோடி ஏக்கரில் ஒரு காலத்தில் இது பரவியிருந்தது. நம்ம கணக்கில் ஐந்து தமிழ்நாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அதைவிடக் கொஞ்சம் பெரிது. இன்று மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி கான்சாஸிலும் அதை ஒட்டிய ஓக்லஹோமாவிலும் உள்ள ஒரே ஒரு குன்றுத்தொடரில் இருக்கிறது.

மேற்கே ராக்கி மலைப் பக்கம் மழை குறைவு, அதனால் அங்கே கணுக்கால் உயரக் குட்டைப்புல். கிழக்கே வர வர மழை கூடும், புல்லும் உயரும். இந்தக் கிழக்கு ஓரத்தில் மரம் வளர்வதற்குப் போதுமான மழையே பெய்கிறது. அப்படியிருந்தும் ஏன் காடாகவில்லை? இடையிடையே வரும் வறட்சி, லட்சக்கணக்கில் மேய்ந்த பைசன்கள், எல்லாவற்றுக்கும் மேலாக நெருப்பு. மின்னல் கொஞ்சம் கொளுத்தியது. பழங்குடி மக்கள் நிறையக் கொளுத்தினார்கள். எரித்த இடத்தில் இளம்புல் முளைக்கும், அங்கே பைசன் தேடி வரும், வேட்டை சுலபம். கான்சா, ஓசேஜ் இன மக்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள். ஆக, மனிதக் கை படாத இயற்கை என்று இதைச் சொல்ல முடியாது. கை பட்டதால்தான் இது புல்வெளியாகவே நின்றது.

இங்கே ராஜா, 'பிக் புளூஸ்டெம்' என்ற புல். ஈரமான தாழ்நிலத்தில் 6 முதல் 8 அடி வரை வளரும். கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழிக் கால் மாதிரி இருக்கும். அதனால் அந்தப் பெயரிலும் கூப்பிடுவார்கள். ஒரு சுவாரசியம்: கரும்பு, சோளம், மக்காச்சோளம், வெட்டிவேர், எலுமிச்சைப்புல் எல்லாம் தாவரவியல் கணக்கில் இந்தப் புல்லுக்குச் சொந்தக்காரர்கள், ஒரே புற்குழு. கடைசியில் இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் மக்காச்சோளம்தான். பங்காளிச் சண்டை மாதிரிதான்.

தரைக்கு மேலே தெரிவது பாதிக்கதைகூட இல்லை. இந்தச் செடிகளின் உடம்பில் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் இருக்கிறது. பிக் புளூஸ்டெம் வேர் 8 அடி, 10 அடி என்று இறங்கும். 'காம்பஸ் பிளான்ட்' என்ற மஞ்சள் பூச்செடியின் வேர் 15 அடிகூடப் போகும். மேலே நெருப்பு ஓடினாலும், மாடு கடித்தாலும், மழை பொய்த்தாலும், உயிர் கீழே பத்திரமாக இருக்கும். இந்த வேர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்து, மக்கி, மறுபடி வளர்ந்து உண்டாக்கியதுதான் அமெரிக்காவின் அந்தப் புகழ்பெற்ற கறுப்பு மண்.

அப்படின்னா அழிந்தது எப்படி?

அந்த மண்ணாலேயே அழிந்தது. கிழக்குக் கரையிலிருந்து வந்த குடியேறிகள் முதலில் இதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மரமே முளைக்காத மண்ணில் பயிர் மட்டும் எப்படி விளையும் என்று சந்தேகப்பட்டார்கள். உழுது பார்த்தவர்களுக்கும் தலைவலிதான். நம்ம கரிசல் மழையில் நனைந்தால் காலைப் பிடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி மண் வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொண்டது. நாலு அடி உழுவது, நின்று சுரண்டுவது, மறுபடி நாலு அடி.

1837-ல் இல்லினாய் மாநிலத்தின் கிராண்ட் டெட்டூர் என்ற ஊரில் ஒரு கொல்லர், வழவழப்பாகத் தேய்த்த எஃகை வைத்து ஒரு கலப்பை செய்தார். மண் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவர் பெயர் ஜான் டியர். இன்றும் பச்சை டிராக்டரில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு ரயில் வந்தது. சதுப்பான புல்வெளிகளுக்கு அடியில் சுட்டமண் குழாய் பதித்துத் தண்ணீரை வடித்தார்கள். ஒரு மனித ஆயுள் காலத்துக்குள் பெரும்பாலான புல்வெளி வயலாகிவிட்டது.

இல்லினாய்க்கு இன்றும் செல்லப்பெயர் 'பிரெய்ரி மாநிலம்'. அங்கே சுமார் 2.2 கோடி ஏக்கர் புல்வெளி இருந்தது. 1978-ல் முடிந்த மாநிலக் கணக்கெடுப்பில், நல்ல நிலையில் மிஞ்சியது ஏறக்குறைய 2,300 ஏக்கர். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பக்கத்து மாநிலமான அயோவாவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தக் கணக்கைவிட மனதைப் பிசைவது இன்னொன்று. அயோவா போன்ற மாநிலங்களில் உழாமல் தப்பித்த துண்டு நிலங்கள், சுற்றியுள்ள வயல்களைவிட உயரமாக, மேடை கட்டினாற்போல நிற்கின்றன. மேடு ஏறியதல்ல, சுற்றி உள்ள வயல்தான் இறங்கிவிட்டது. 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், அந்த உயர வித்தியாசத்தை இடம் இடமாக அளந்து கணக்குப் போட்டார்கள். கடந்த சுமார் 160 ஆண்டுகளில் அமெரிக்க மத்திய மேற்கு வயல்கள் இழந்த மேல்மண் ஏறக்குறைய 5,760 கோடி டன். சராசரியாக ஒரு அடிக்கும் மேல். புல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சேர்த்த சொத்தைக் கலப்பை ஐந்தாறு தலைமுறையில் செலவழித்திருக்கிறது.

கான்சாஸ் குன்றுகள் மட்டும் தப்பித்தது ஏன்?

கல்தான் காப்பாற்றியது. கிழக்குக் கான்சாஸில் வடக்குத் தெற்காக ஓடும் இந்தக் குன்றுகளுக்கு 'ஃபிளிண்ட் ஹில்ஸ்' என்று பெயர். சிக்கிமுக்கிக் கல் குன்றுகள். மேலாக ஒரு சாண் மண், அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறை, பாறைக்குள் வரி வரியாகச் சிக்கிமுக்கிக் கல். 1806-ல் இந்த வழியாகப் போன ராணுவ அதிகாரி செபுலான் பைக் தன் குறிப்பில் இந்த இடத்தின் கரடுமுரட்டைப் பற்றி எழுதியதிலிருந்து அந்தப் பெயர் நிலைத்தது. கலப்பை வைத்தால் கொழு உடையும். பள்ளத்தாக்கில் ஓடை ஓரம் மட்டும் உழுதார்கள். குன்றை விட்டுவிட்டு மாட்டை ஏற்றினார்கள்.

சுண்ணாம்புப் பாறை மேல் முளைத்த புல்லில் மாடு நன்றாகச் சதை போடும் என்று சீக்கிரமே தெரிந்துபோனது. டெக்சாஸிலிருந்து மெலிந்து வந்த மாடுகளை வசந்தத்தில் இங்கே விட்டு, கொழுக்க வைத்து, சந்தைக்கு அனுப்பும் தொழில் வளர்ந்தது. பண்ணைக்காரர்கள் பழங்குடிகளிடமிருந்தே எரிக்கும் வழக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பழங்குடிகள் என்ன ஆனார்கள்? மாநிலத்துக்குத் தங்கள் பெயரையே கொடுத்த கான்சா மக்கள் 1873-ல் இங்கிருந்து இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஓசேஜ் மக்கள் அதற்குச் சற்று முன்பே. புல்வெளியைக் காப்பாற்றிய கதையைச் சொல்லும்போது இந்த வரியை வசதியாக மறந்துவிடுகிற வழக்கம் அங்கே உண்டு.

நெருப்பு வைத்தால் புல் எப்படிப் பிழைக்கும்?

புல்லின் முளை தரைக்குள் இருக்கிறது, மரத்தின் முளை கிளை நுனியில் இருக்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான். நெருப்பு ஓடினால் மரக்கன்று சாகும். புல்லுக்குப் போன வருடத்துச் சருகு மட்டும் போகும். கறுத்த தரை வெயிலை இழுத்துச் சீக்கிரம் சூடேறும். பிக் புளூஸ்டெம் மாதிரி வெயிலை விரும்பும் புற்களுக்கு அதைவிட என்ன வேண்டும்?

எரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்கவே ஓர் இடம் இருக்கிறது. கான்சாஸின் மன்ஹாட்டன் நகரத்துக்குப் பக்கத்தில் (நியூயார்க் மன்ஹாட்டன் இல்லை) 8,616 ஏக்கரில் கோன்சா பிரெய்ரி ஆய்வு நிலையம். 1971-ல் தொடங்கியது. நிலத்தை ஓடைப்படுகை வாரியாகப் பிரித்து, ஒன்றை ஆண்டுதோறும் எரிக்கிறார்கள், ஒன்றை 2 ஆண்டுக்கு ஒரு முறை, ஒன்றை 4, ஒன்றை 20. நாற்பது ஆண்டுக்கும் மேலான பதிவு கையில் இருக்கிறது. நெருப்பு அடிக்கடி வராத பகுதிகளில் முதலில் புதர், பிறகு 'ரெட்சிடார்' என்ற ஜூனிப்பர் மரம். ஒரு அளவைத் தாண்டி மரம் அடர்ந்துவிட்டால், அதற்கப்புறம் எரித்தாலும் பழைய புல்வெளி திரும்புவதில்லை. நிழலில் புல் செத்துவிடுகிறது. புல் இல்லாததால் நெருப்பும் ஓடுவதில்லை.

மரம் வளர்ந்தால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் இங்கே மரம்தான் வில்லன். ரெட்சிடார் பரவலுக்கு அங்குள்ளவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பசுமைப் பனியாறு': மெதுவாக நகரும், வழியில் உள்ளதையெல்லாம் மூடும். மரம் நடும் நாளை உலகத்துக்குக் கொடுத்ததும் புல்வெளி மாநிலமான நெப்ராஸ்காதான், 1872-ல். அந்த நாளைத் தொடங்கிய ஸ்டெர்லிங் மோர்ட்டனின் மகன் ஜாய் மோர்ட்டன் சிகாகோ அருகே ஒரு பெரிய மரத்தோட்டம் அமைத்தார். அதே தோட்டத்துக்குள் 1962-லிருந்து உயர்புல்வெளியை மறுபடி விதைத்து வளர்க்கிறார்கள். அப்பா நட்டார், மகன் நட்டார், பின்னால் வந்தவர்கள் மரத்துக்கு இடமே இல்லாத ஒரு மூலையை உருவாக்கினார்கள்.

நெருப்பிலும் சிக்கல் உண்டு. ஏப்ரலில் எல்லோரும் ஒரே நேரத்தில் கொளுத்தினால் புகை கான்சாஸ் சிட்டி வரைக்கும், காற்று திரும்பினால் நெப்ராஸ்கா நகரங்கள் வரைக்கும் போகிறது. ஆஸ்துமாக்காரர்கள் பாடு திண்டாட்டம். 2010-லிருந்து புகை மேலாண்மைத் திட்டம் ஒன்று இருக்கிறது. காற்றின் திசை பார்த்து, நாள் பார்த்து எரிக்கச் சொல்கிறார்கள். இன்னொரு சிக்கல், 'பிரெய்ரி சிக்கன்' என்ற காட்டுக்கோழிக்கு. வசந்தத்தில் ஆண் கோழிகள் மொட்டைத் தரையில் கூடி, கழுத்துப் பையை ஊதி, 'ஊம்ம்' என்று ஓசை எழுப்பி ஆடும். அதற்கு எரிந்த, குட்டையான இடம் வேண்டும். முட்டையிட மட்டும் போன வருடத்துப் பழைய புல் வேண்டும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எரித்துவிட்டால் கூடு கட்ட இடம் ஏது? அதனால் ஒவ்வொரு ஆண்டும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எரிக்கும் முறையைச் சிலர் பின்பற்றுகிறார்கள். பண்ணைக்காரர்கள் எல்லோரும் இன்னும் இதற்கு வரவில்லை. முழுக்க எரித்தால் மாட்டின் எடை சீராக ஏறும், அது அவர்கள் வருமானம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

பைசன் எதற்கு, மாடு போதாதா?

ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் 3 கோடிக்குக் குறையாத பைசன்கள் இருந்தன. 1880-களின் முடிவில் ஆயிரத்துக்கும் கீழே. தோலுக்காகவும், பழங்குடிகளின் சாப்பாட்டை ஒழித்து அவர்களைப் பணிய வைப்பதற்காகவும் சுட்டுத் தள்ளினார்கள்.

பைசன் பெரும்பாலும் புல்லையே தின்னும், பூச்செடிகளை விட்டுவிடும். புல் குறைந்த இடத்தில் பூச்செடிக்கு வெளிச்சம் கிடைக்கும். ஒரே இடத்தில் உருண்டு புரண்டு மண்ணில் குழி ஏற்படுத்தும். மழை பெய்தால் அந்தக் குழியே குட்டி குளம். கோன்சாவில் 1987-ல் பைசனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 30 ஆண்டுப் பதிவை அலசி 2022-ல் வெளியிட்ட முடிவு: பைசன் மேயும் இடத்தில் நாட்டுத் தாவர வகைகள் இரண்டு மடங்கானது. மாடு மேய்ந்த இடத்திலும் கூடியது, ஆனால் பைசனால் கூடியதில் பாதிகூட இல்லை. மாடும் உதவும், பைசன் அளவுக்கு இல்லை. கடும் வறட்சி வந்தபோதும் பைசன் மேய்ந்த நிலம் தாக்குப்பிடித்தது.

நிலம் யாருடையது?

ஃபிளிண்ட் ஹில்ஸில் பெரும்பகுதி இன்றும் தனியார் பண்ணை. அதனால்தான் தேசியப் பூங்கா அமைக்கும் முயற்சி பல பத்தாண்டு இழுத்தது. 1961 டிசம்பரில் உள்நாட்டுத் துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடால் இடம் பார்க்க ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். (அங்கே அந்தத் துறைக்குப் போலீஸோடு சம்பந்தமில்லை, பூங்காவும் பொது நிலமும்தான் வேலை.) அந்த நிலத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பண்ணைக்காரர் நேராக வந்து, என் இடத்தை விட்டு வெளியே போங்கள் என்று சொல்லிவிட்டார். அமைச்சர் அந்தஸ்தில் உள்ளவர் திரும்பிப் போனார். அந்தப் பூங்கா வரவே இல்லை.

அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்ற பயம் அவ்வளவு ஆழம். நூறு ஆண்டுக்கும் மேலாகப் புல்லைக் காப்பாற்றியவர்கள் நாங்கள், இப்போது வந்து எங்களையே வெளியேறச் சொல்வீர்களா என்று கேட்டார்கள். கேள்வியில் தப்பில்லை. கடைசியில் 1996 நவம்பரில், கான்சாஸ் செனட்டர் நான்சி காசெபாம் முயற்சியில், நடுவழி ஒன்று பிறந்தது. சேஸ் கவுண்டியில் ஸ்ட்ராங் சிட்டி அருகே 10,894 ஏக்கரில் 'டால்கிராஸ் பிரெய்ரி தேசியப் பாதுகாப்பகம்'. தேசியப் பூங்காத் துறை அதை நடத்தும், ஆனால் 180 ஏக்கருக்கு மேல் சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். மீதி நிலம் இப்போது 'தி நேச்சர் கன்சர்வன்சி' என்ற அமைப்பின் பெயரில் இருக்கிறது.

பாதுகாப்பகத்துக்கு வெளியே உள்ள லட்சக்கணக்கான ஏக்கருக்கு 2011-ல் வேறொரு வழி தொடங்கியது. அரசு பண்ணையை வாங்காது. பண்ணைக்காரர் விருப்பப்பட்டால், உழும் உரிமை, மனை போட்டு விற்கும் உரிமை ஆகியவற்றை மட்டும் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும். மேய்ச்சல் வழக்கம்போல நடக்கும், நிலம் பிள்ளைகளுக்கே போகும். ஆனால் யாரும் அதை இனி உழ முடியாது. மொத்தம் 11 லட்சம் ஏக்கர் வரை இப்படிச் செய்யலாம் என்பது திட்டம். காசு ஒதுக்குவதைப் பொறுத்து மெதுவாக நகர்கிறது.

கல்லறையில் பிழைத்த பூக்கள்

கான்சாஸ் தவிர மற்ற மாநிலங்களில் மிஞ்சியது துண்டு துணுக்குகள்தான். எங்கே என்றால், கலப்பை போக முடியாத இடங்களில்: தண்டவாள ஓரம், சரளை மேடு, பழைய கல்லறைத் தோட்டம். அயோவாவின் ரோச்செஸ்டர் கல்லறைத் தோட்டம் வெறும் 13 ஏக்கர். அதற்குள் காட்டுப் பூக்கள் கல்லறைக் கற்களை மறைத்துப் பூக்கின்றன. முன்னோர் கல்லறை புதர் மண்டிக் கிடக்கலாமா, ஒழுங்காக வெட்ட வேண்டாமா என்று உள்ளூரில் வாக்குவாதமும் நீண்ட காலமாக உண்டு.

எல்லாத் துண்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. இல்லினாயின் ராக்ஃபோர்டு விமான நிலைய வளாகத்துக்குள் 'பெல் பௌல்' என்ற சரளை மேட்டுப் புல்வெளி இருந்தது. தரமான பகுதி 5 ஏக்கர்தான். உழாத, ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைய மண். சரக்கு விமான முனையத்தை விரிவாக்கச் சாலை தேவைப்பட்டது. 2021 ஆகஸ்டில் அங்கே அழிவின் விளிம்பில் உள்ள ஒரு வகை வண்டுத்தேனீ கண்டுபிடிக்கப்பட, வேலை நின்றது. மக்கள் மனு கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள், சாலையைக் கொஞ்சம் வளைத்துப் போடச் சொன்னார்கள். 2023 மார்ச் 9-ஆம் தேதி புல்டோசர் வந்தது. முக்கியப் பகுதி காலையிலேயே போய்விட்டது.

திரும்ப விதைத்து உண்டாக்க முடியாதா? முடியும், ஓரளவுக்கு. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1935-ல், ஆல்டோ லியோபோல்ட் போன்றவர்கள் வழிகாட்ட, வேலையில்லா இளைஞர்களை வைத்துப் பழைய பண்ணை நிலத்தில் தொடங்கிய 'கர்ட்டிஸ் பிரெய்ரி'தான் உலகத்தின் முதல் முயற்சி. 90 ஆண்டு ஆகிறது, இன்னமும் களை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். விதை போட்டால் புல் வரும், சில பூ வரும். மண்ணுக்குள் இருந்த பூஞ்சையும் பூச்சியும் நுண்ணுயிரும் அப்படியே வந்துவிடாது. அதற்காக முயற்சி வீண் என்று சொல்ல முடியாது. விதை எடுக்கவே பழைய துண்டு நிலம் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள முடிச்சு.

விவசாயிகளுக்கும் இதில் லாபம் இருக்கிறது என்று அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் காட்டியிருக்கிறது. 2007-ல் தொடங்கிய சோதனையில், மக்காச்சோள, சோயா வயலில் 10 சதவீதத்தை மட்டும் ஒதுக்கிப் பட்டை பட்டையாகப் புல்வெளிச் செடிகளை விதைத்தார்கள். வயலிலிருந்து மழையில் அடித்துப்போகும் மண் 95 சதவீதம் வரை குறைந்தது. 2018 விவசாயச் சட்டத்தில் இந்தப் பட்டைகளுக்கு மானியமும் வந்துவிட்டது.

சரி, எங்கே போய்ப் பார்க்கலாம்?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோரை நயாகராவுக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் கூட்டிப்போகிறார்கள். புல்வெளிக்கு யாரும் கூட்டிப்போவதாகத் தெரியவில்லை. சிகாகோ பக்கம் இருந்தால் இதற்குத் தனிப் பயணமே தேவையில்லை. அரோரா பாலாஜி கோவிலிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வில்மிங்டன் ஊரை ஒட்டி 'மிடேவின்' உயர்புல்வெளி இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் வெடிமருந்து செய்த ராணுவத் தொழிற்சாலை நிலம். பின்னர் வனத்துறை கைக்கு வந்து, 2015-ல் பைசன்கள் விடப்பட்டன. புல் மூடிய வெடிமருந்துக் கிடங்குகள் வரிசையாக இன்னும் நிற்கின்றன. பைசன் கண்ணில் படாமலும் போகலாம், இடம் பெரிது.

கன்னிநிலம் பார்க்க வேண்டுமென்றால் கான்சாஸ்தான். கான்சாஸ் சிட்டியிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் தேசியப் பாதுகாப்பகம். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1881-ல் கட்டிய சுண்ணாம்புக்கல் பண்ணை வீடும், 1882-ஆம் ஆண்டு ஓரறைப் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. அங்கே 2009-ல் தென் டகோட்டாவிலிருந்து வந்த 13 பைசன்கள் பெருகி இப்போது மந்தையாகத் திரிகின்றன. அவை மேயும் பகுதி வழியாகவே நடைபாதை போகிறது. மேட்டின் உச்சிவரை போய்த் திரும்ப 6 மைலுக்குக் கொஞ்சம் மேல். கார் ஓட்டுவதே போதும் என்பவர்களுக்குக் கவுன்சில் குரோவ் ஊரிலிருந்து கசோடே வரை 177-ஆம் எண் சாலையில் 47 மைல், இரண்டு பக்கமும் புல்வெளி.

இதைவிடப் பெரியது ஓக்லஹோமாவில், பாஹஸ்கா ஊருக்கு வடக்கே. 'தி நேச்சர் கன்சர்வன்சி' 1989-ல் வாங்கத் தொடங்கிய இடம், இப்போது ஏறக்குறைய 40,000 ஏக்கர். 1993-ல் 300 பைசன்களை விட்டார்கள், இன்று 2,000-க்கும் மேல். சரளைச் சாலையில் காரிலிருந்தபடியே பார்க்கலாம். ஓசேஜ் மக்களின் ஊர் இது. 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்' படம் பார்த்தவர்களுக்குப் பெயர் நினைவிருக்கும். 2016-ல் ஓசேஜ் இனத்தார் 43,000 ஏக்கர் பண்ணை ஒன்றைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி, அவர்களும் பைசன் வளர்க்கிறார்கள்.

எப்போது போவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'உயர்புல்' என்று பெயரைக் கேட்டு ஜூனில் போனால் முழங்கால் உயரப் புல்லைப் பார்த்து, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும். ஆள் உயரப் புல் வேண்டுமா, செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை போங்கள். அதுவும் குன்று உச்சியில் தேடாதீர்கள். அங்கே மண் மெலிவு, மேய்ச்சலும் உண்டு. ஓடையை ஒட்டிய தாழ்நிலத்தில் பாருங்கள். அப்போது மொத்த நிலமும் செம்பும் வெண்கலமும் கலந்த நிறத்தில் இருக்கும். பூ பார்க்க ஜூன் நல்லது. பைசன் கன்றுகள் மே மாதத்தில். பிறந்த புதிதில் செங்காவி நிறம். காட்டுக்கோழி ஆட்டம் பார்க்க மார்ச் கடைசி, ஏப்ரல் விடியற்காலை. இருட்டிலேயே போய் மறைவிடத்தில் உட்கார வேண்டும். எரிப்பதும் அதே பருவம் என்பதால், கிளம்பும் முன் நடைபாதை திறந்திருக்கிறதா என்று பாதுகாப்பகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

நிழல் கிடையாது, ஒரு மரம்கூட. தண்ணீரும் தொப்பியும் வேண்டும். உண்ணித் தொல்லை உண்டு; முழுக்கால்சட்டை போட்டு அதை காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் உடம்பைச் சோதித்துப் பாருங்கள். காலணி அடியையும் துடைத்துவிட்டுப் போங்கள்: 'செரிசியா' மாதிரி வெளிநாட்டுக் களை விதைகள் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும். பூவைப் பறிக்கக்கூடாது, விதையும் எடுக்கக்கூடாது. பைசன் சாதுவாகப் புல் மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போகாதீர்கள். வளர்ந்த காளை 900 கிலோ வரை இருக்கும், மணிக்கு 55 கிலோமீட்டர் ஓடும். குறைந்தது 100 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. வாலைத் தூக்கினால் அதைவிட வேகமாகப் பின்வாங்குங்கள். நடைபாதையிலேயே மந்தை படுத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான், இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.